கங்காணியின் கொம்புகள்

தவிட்டுமேட்டில் பிலோமினாவின் நாய்க்குக் கொம்பு முளைத்தது ஆனி மாதத்தில், தென்மேற்கு மழை பிடித்து, உலர்த்திய துணி எதுவும் காயாமல், ஊரே ஈரக் கம்பளி வாடையில் கிடந்த சமயத்தில். முதலில் இரண்டு காதுகளுக்கும் நடுவே கொட்டைப்பாக்கு அளவில் இரண்டு வீக்கங்கள். கால்நடை மருந்தகத்தில் இருபத்தோரு வருஷமாக உதவியாளராக இருக்கும் பிலோமினா, உண்ணி கடித்த வீக்கம் என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவினாள். பத்து நாளில் அவை ஒரு விரற்கடை எழும்பி, மேலே வெல்வெட் துணி போர்த்தியதுபோல் மெல்லிய ரோமம் படர்ந்து, தொட்டால் சூடாக, உள்ளே நாடி துடிக்க நின்றன. டாக்டர் இளம்பரிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கொம்பும்மா."

"கொம்புங்களா சார்?"

"ஆமா." பதிவேட்டிலும் அப்படியே எழுதினார். வெளியே சினை ஊசிக்காக ஒரு மாடு காத்திருந்தது.

கங்காணி என்பது நாயின் பெயர். செம்மண் நிறத்தில், ஒரு காது மடங்கிய, ஏழு வயசு நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பின்னால் போய் வரிசை வரிசையாக நின்று மேற்பார்வை பார்க்கும் என்பதால் அவர்களே வைத்த பெயர். அதில் அவர்களுக்கு ஒரு தனிச் சந்தோஷமும் இருந்தது. "டேய் கங்காணி, வாலை ஆட்டுடா" என்று எஸ்டேட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தலாம், நிஜக் கங்காணியின் காதில் விழுந்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது. பிலோமினாவின் புருஷன் போய்ச் சேர்ந்து, மகளைத் திருப்பூருக்குக் கட்டிக்கொடுத்த பிறகு, அந்த இரண்டு அறை லைன் வீட்டில் அவள் சாவி சத்தத்துக்கு எழுந்து வர இருந்தது கங்காணி ஒருவன்தான்.

கொம்பு வளர்ந்து ஆவணியில் கவை பிரிந்து, புரட்டாசி வெயிலில் உரிந்த தோல் போக மிச்சமிருந்த வெல்வெட்டையும் சில்வர் ஓக் மரத்தில் தேய்த்து உதிர்த்து, பழுப்பு மினுங்க அவன் தெருவில் நடந்தபோது, ஊர் ஒரு வாரம் பார்த்தது, இரண்டாம் வாரம் பழகிக்கொண்டது, மூன்றாம் வாரம் உபயோகிக்க ஆரம்பித்தது. ஸ்வெட்டர் பின்னுகிற பெண்கள் நூற்கண்டை அவன் கொம்பில் மாட்டிச் சுற்றினார்கள். கொழுந்து எடை போடும் இடத்துக்கு டீத் தூக்கு அவன் கொம்பில் தொங்கிப் போனது. மாரியம்மன் கோவில் கமிட்டி ஊர்வலத்தில் முன்னால் நடக்க அவனைக் கேட்டது, அந்தோணியார் கோவில் சாமியாரும் அதே ஞாயிறு மந்திரிக்கக் கேட்டார், கடைசியில் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று முடிவாயிற்று. மினி பஸ் கண்டக்டர் மட்டும் தன் நிலையில் உறுதியாக இருந்தார். "நாய் ஏறலாம். கொம்போட ஏறக் கூடாது. ஜனங்க கண்ணுல குத்திச்சுன்னா யார் பதில் சொல்றது?" கங்காணி அதன் பிறகு படிக்கட்டில் தலையை வெளியே நீட்டியபடியே பயணம் செய்தான்.

மாசியில் ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு கொம்பும் வலியில்லாமல் கழன்று, ஒன்று தட்டுக்குள்ளும் ஒன்று வெளியிலும் விழுந்தன. சாயங்காலமே வனத்துறை வாட்சர் மாதன் வந்துவிட்டான்.

"அக்கா, மான்கொம்புன்னா தரையில தானா விழுந்து கெடந்தாக்கூட எடுக்கக் கூடாது. எடுத்தா கேஸு."

"இது மானில்லையே மாதா."

"அதத்தான் ஆபீஸ்ல நாலு மாசமாப் பேசறாங்க. சட்டப் புஸ்தகத்தப் புரட்டிப் புரட்டி சாருக்கு விரல் தேஞ்சுபோச்சு. புள்ளிமான் இருக்கு, கடமான் இருக்கு, ஆமைகூட இருக்கு. நாய்க்கொம்பு இல்ல."

"அப்ப?"

"இல்லாத ஒண்ண எப்படிக்கா பறிமுதல் பண்றது? வெச்சுக்குங்க." போகும்போது திரும்பி, "எங்க வீட்டு நாய் கறுப்பனுக்குக் கடிக்க ஒரு துண்டு கெடைக்குங்களா?" என்றான்.

பிலோமினாவின் ஆசை வெகுகாலத்தது. மருந்தகத்துக்கு வருகிற நாய்களின் வாய்க்குள் இருபத்தோரு வருஷமாக அவள் பார்த்திருக்கிறாள்: வேகவைத்த எலும்பு ஊசியாகச் சிதறித் தொண்டையில் நின்ற நாய், கடையில் வாங்கிய தோல் எலும்பு குடலுக்குள் ஊறி உப்பிப்போன நாய், கல்லைக் கடித்து, செருப்பைக் கடித்து, ரப்பர் குழாயைக் கடித்து, கடிக்க ஏதாவது வேண்டும் என்கிற பிறவித் தேவைக்குப் பல்லையும் உயிரையும் கொடுத்த நாய்கள். ஒரு நல்ல கொம்பு இருந்தால் போதும் என்று அவளுக்குத் தெரியும். எஸ்டேட் எல்லைக்கு அப்பால், நூறடி தள்ளி, காட்டுக்குள் அது வருஷா வருஷம் விழுந்து மக்கிப் போவதும் தெரியும். குனிந்து எடுக்கக் கூடாது என்பதும் தெரியும். இப்போது அது அவள் வீட்டுக் கஞ்சித் தட்டிலேயே விழுந்திருந்தது.

அவள் ஒரு ரம்பமும் அரமும் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு துண்டையும் கையில் தூக்கிப் பார்ப்பாள், அளவுக்கு மீறிக் கனத்தால் புதுசு, அதுதான் நல்லது, சுண்ணாம்பாய் வெளுத்து லேசாகியிருந்தால் சீவல் சீவலாக உடையும், அது வேண்டவே வேண்டாம். கூர்முனையை அறுத்து அரத்தால் தேய்த்துத் தன் கன்னத்தில் உரசிப் பார்ப்பாள். துண்டு நாயின் மூஞ்சியைவிட நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆசையில் விழுங்கிவிடும். வாரிக் கடிக்கிற நாய்க்கு முழுக்கொம்பு ஆகாது, வேகத்தில் பல்லை முறித்துக்கொள்ளும். பல் தேய்ந்த கிழ நாய்க்கு நெடுக்காகப் பிளந்து உள்ளே பஞ்சு போன்ற மஜ்ஜை தெரியக் கொடுக்க வேண்டும். பால்பல் விழாத குட்டிக்கு ஒன்றுமே கிடையாது, எத்தனை கெஞ்சினாலும். முதல் நாள் பத்து நிமிஷம், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கணும், ஈறில் ரத்தம் வந்தால் எடுத்துவிடணும். "கட்டைவிரல் அளவுக்குத் தேஞ்சா யோசிக்காமத் தூக்கிப் போட்ருங்க. பாவம் பாக்காதீங்க." ஊர் தலையாட்டியது. பிலோமினா சொன்னால் சட்டம் என்று அந்த ஒரு விஷயத்தில் ஆகிவிட்டது. காசு எதுவும் அவள் வாங்கவில்லை. கேரட்டும் முட்டையும் தானாக வாசலுக்கு வந்தன.

அடுத்த ஆனியில் கங்காணிக்கு மறுபடி முளைத்தது. இந்தத் தடவை ஆவணியிலேயே விழுந்தது, உடனே இன்னொரு ஜோடி முளைத்தது. யாருக்குக் கொம்பு வேண்டுமோ அவர் தன் நாயைக் கூட்டிக்கொண்டு வருவார், இரண்டும் முன்னும் பின்னும் மோந்துகொள்ளும், அடுத்த கொம்பு அந்த நாயின் வாய்க்கு அளவெடுத்ததுபோல் வரும். மேனேஜர் பங்களா ராட்வைலருக்கு மணிக்கட்டுத் தடிமனில் வந்தது. கீழ் லைன் குஞ்சம்மாளின் பொமரேனியன் ரோஜாவுக்கு மூங்கில் தளிர் மாதிரி மெல்லியதாக ஒன்று வந்தது, அதை அறுக்கவோ தேய்க்கவோ வேண்டியிருக்கவில்லை, முனையே மழுங்கித்தான் வந்திருந்தது. பிலோமினா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தன் வாழ்நாளில் இப்படியொரு பொருத்தத்தைப் பார்த்ததில்லை என்று நினைத்தாள், பெருமையாகக்கூட இருந்தது. கங்காணி அவள் காலடியில் படுத்திருந்தான், முன்னைவிட அதிகமாகத் தூங்கினான், வயசு ஏறுகிறது என்று எண்ணிக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம் சித்திரையில், மூன்றே படி உயரமுள்ள வாசலிலிருந்து குதித்தபோது அவன் பின்னங்கால், காய்ந்த தட்டைக்குச்சி முறிகிற சத்தத்தோடு முறிந்தது.

டவுனுக்குத் தூக்கிப் போய் எடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் இளம்பரிதி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் பப்பாளித் தண்டு மாதிரி வெறும் ஓரங்கள் மட்டும் தெரிந்தன. விலா எலும்புகள் பென்சில் கோடுகளாக இருந்தன.

"கொம்பு எங்கிருந்து வருதுன்னு நெனச்சீங்க?" அவர் குரலில் கோபம் இல்லை, தன்னையும் சேர்த்துக் கேட்பது போலத்தான் இருந்தது. "மானுக்கே கொஞ்சம் விலாவுல இருந்துதான் போகும். அது வருஷத்துக்கு ஒரு தடவ, காடு முழுக்க மேஞ்சு சரிபண்ணிக்கும். இவன் கஞ்சியக் குடிச்சிட்டு மாசத்துக்கு ஒண்ணு குடுத்திருக்கான்."

நாய்களின் வாய்க்குள் மட்டுமே பார்த்துப் பழகிய பிலோமினாவின் கண், தன் நாயின் நெஞ்சுக்கூட்டைப் பார்க்காமல் விட்டிருந்தது.

சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். மறுநாளே கொம்பு அரையங்குலம் உயர்ந்தது. கேழ்வரகுக் களி கொடுத்தாள், முட்டை ஓட்டைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தாள், நெத்திலிக் கருவாட்டை அரைத்துக் கொடுத்தாள், கொடுத்ததெல்லாம் நேராகத் தலைக்கு ஏறி, கவை விட்டு, இன்னொரு கவை விட்டு, அந்தக் கனத்தில் அவன் கழுத்து தரையோடு சாய்ந்தது. கொடுப்பதை நிறுத்தினால் கண் சொருகியது, கொம்பு அப்போதும் வளர்ந்தது. அறுத்துவிடுங்கள் என்று டாக்டரைக் கேட்டாள். "தோல் போர்த்தின கொம்பும்மா, உள்ள ரத்தம் ஓடுது. இப்ப அறுத்தா நிக்காது. விழற வரைக்கும் தாங்கினான்னா..." என்று அவர் பாதியில் விட்டார்.

இனி யாருக்கும் கொம்பு கிடையாது என்று வாசலில் எழுதி ஒட்டினாள். ஊர் அதை மரியாதையாகப் படித்துவிட்டு, "எங்களுக்கு வேண்டாம்மா, சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று நாயோடு வந்தது. அந்த நாய்கள் வாசலில் நின்று மூச்சு விட்டாலே போதுமாயிருந்தது, உள்ளே கங்காணியின் நெற்றி சூடேறியது. அவள் கதவைச் சாத்தினாள். ஜனங்கள் வருத்தப்பட்டார்கள், அவனுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டார்கள்.

மாதன்தான் வந்து அதைச் சொன்னான். "காட்டுல நான் பாத்திருக்கேன் அக்கா. கொம்பு விழுந்த மான், விழுந்த கொம்பையே திரும்ப வந்து கடிச்சுத் திங்கும். ஒடம்புலருந்து போனது திரும்ப உள்ள போயிரும்போல."

பிறகு அவன் தன் வேலையையே பணயம் வைத்துக் காக்கிச் சட்டைக்குள் ஒரு கடமான் கொம்பு கொண்டுவந்தான். கங்காணி அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாதன் விடியுமுன் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தான்.

ஆக, அவனுடைய கொம்பேதான் வேண்டும். பிலோமினா வீடு வீடாக இறங்கினாள். ஊரில் யாரும் இல்லையென்று சொல்ல நினைக்கவில்லை, இருந்தும் எல்லோரும் இல்லையென்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்கதானக்கா சொன்னீங்க, கட்டைவிரல் அளவு வந்தா தூக்கிப் போடணும்னு? நேத்துக்கூட ஒண்ண குப்பை வண்டியில போட்டேன்."

"எங்களது பள்ளத்துல போட்டுட்டோம். பாவம் பாக்காதீங்கன்னு சொன்னீங்களே."

மேனேஜர் பங்களாவில் ராட்வைலர் தன் கொம்பின் மேல் படுத்துக்கொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. மேனேஜர் கைகளை விரித்து, "அது என்னையே கடிக்குது சிஸ்டர், பாருங்க" என்று கட்டுப்போட்ட கையைக் காட்டினார். ஒரு வீட்டில் கொம்பு கத்திப் பிடியாகி வார்னிஷ் குடித்திருந்தது. இன்னொரு வீட்டில் குளியலறையில் துண்டு மாட்டும் கொக்கியாகி சோப்பு வாடையில் ஊறியிருந்தது. மாதன் மட்டும் கறுப்பனின் வாயிலிருந்து பிடுங்கி ஒரு துணுக்கைக் கொடுத்தான், அது கட்டைவிரலைவிடச் சிறியது. அவள் அதை விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்து நுனி மட்டும் தெரிய நீட்டினாள். கங்காணி நாலு தடவை பல்லால் சுரண்டினான், கண் திறந்தான், அன்று முழுக்கத் தலையை அவனாகவே தூக்கி வைத்திருந்தான். மறுநாள் துணுக்கு தீர்ந்தது.

அப்போதுதான் குஞ்சம்மாளின் நினைவு வந்தது. ரோஜா அந்த மெல்லிய கொம்பு கைக்கு வந்த வாரமே இருதயம் நின்று செத்துப்போயிருந்தது. கொம்பில் ஒரு பல்கூடப் படவில்லை. போன் போட்டாள்.

"இருக்குது கண்ணு, இல்லாம எங்க போகும்? ரோஜா போட்டோகிட்டவே வெச்சு தெனம் பொட்டு வெக்கிறேன்." என்றாள் குஞ்சம்மாள். "அவளுக்குத்தான் குடுத்து வெக்கல, இவனாச்சும் பொழைக்கட்டும். எண்ணெ, குங்குமம், தூசி எல்லாம் ஏறிக் கெடக்கு. நல்லா சுத்தம் பண்ணி வெக்கிறேன், காலையில வா."

"சரிக்கா," என்றாள் பிலோமினா. சரி என்று சொல்லும்போது அவள் கண் கங்காணியின் விலாவில் இருந்தது. அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

காலையில் கங்காணியைக் கொழுந்துக் கூடையில் படுக்கவைத்து, வாரை நெற்றியில் மாட்டி முதுகில் சுமந்து இறங்கினாள். அவன் கொம்புகள் அவள் தலைக்கு இருபுறமும் எழுந்து நிற்க, தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவளுக்கே முளைத்திருப்பதுபோல் இருந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். ஒருத்தி, "ஏ கங்காணி, எந்திரிச்சு வந்து எங்களத் திட்டுடா" என்று கூப்பிட்டாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

குஞ்சம்மாள் குளித்து, வெளுத்த சேலை கட்டி, வாசலிலேயே நின்றிருந்தாள். எவர்சில்வர் தட்டில் புதுத் துண்டு விரித்து, அதன் மேல் கொம்பை வைத்து நீட்டினாள்.

"வெறும் தண்ணியில கழுவினா எனக்கு மனசு ஒப்பல. நோவாளிப் பிள்ளைக்குக் குடுக்கறது. குக்கர்ல போட்டு நாலு விசில் விட்டேன், மஞ்சத்தூளு, கல்லுப்பு, ஒரு கை வேப்பந்தழை. இனி ஒரு கிருமி அதுல உசுரோட இருக்காது."

கொம்பு சுண்ணாம்புக் கட்டியாக வெளுத்திருந்தது. பிலோமினா கையில் எடுத்தாள், தக்கை மாதிரி எழும்பி வந்தது. நகத்தால் கீறினாள், மாவு கொட்டியது. விரலால் லேசாக அழுத்தினாள், நெடுக்க ஒரு சிராய் பெயர்ந்து ஊசியாக நின்றது. வேகவைத்ததைக் கொடுக்காதீர்கள், வேகவைத்ததைக் கொடுக்காதீர்கள் என்று இத்தனை வருஷமாக மருந்தகத்து ஜன்னலில் நின்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொன்னவள், நேற்று ராத்திரி அந்த ஒரு வார்த்தையை இந்த ஒருத்தியிடம் சொல்லவில்லை.

குஞ்சம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். "தப்புப் பண்ணிட்டனா கண்ணு?"

"இல்லக்கா."

"சொல்லு."

"நான் சொல்லியிருக்கணும்க்கா." பிறகு, கொம்பில் இருந்ததெல்லாம் எதில் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கேட்டாள். "வேக வெச்ச தண்ணி?"

"எந்தத் தண்ணி?"

"குக்கர் தண்ணி. அதை என்ன பண்ணுனீங்க?"

குஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "கொழகொழன்னு இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சு... சௌசௌ கொடிக்கு ஊத்திட்டேன். இப்பத்தான், அரை மணிகூட ஆகல."

வாசலில் இறக்கி வைத்திருந்த கூடைக்குள் கங்காணி மூக்கை உயர்த்தினான். யாரும் தூக்கி வெளியே விடவில்லை, கூடையைச் சாய்த்து அவனே இறங்கினான், கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு, தலைக் கனத்தில் இரண்டு தடவை மூக்குக் குப்புற விழுந்து எழுந்து, சௌசௌ பந்தலுக்கு அடியில் மஞ்சளாக ஈரம் ஊறியிருந்த ஒரு முழம் மண்ணிடம் போய்ப் படுத்தான். நக்க ஆரம்பித்தான். மண்ணும், கல்லும், அழுகின இலையும் சேர்த்து நக்கினான். வேறு யார் நாயாக இருந்தாலும் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்திருப்பாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவன் நாக்குக்கு எட்டாத மண்ணைக் கையால் குவித்து முன்னால் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் அவன் கழுத்து நிமிர்ந்த மாதிரி இருந்தது. இருந்த மாதிரிதான், அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சௌசௌ இலையில் முதல் துளி விழுந்த சத்தம் இருவருக்கும் கேட்டது.

குஞ்சம்மாள் உள்ளே ஓடிக் குடையை எடுத்து வந்தாள். பிலோமினா அதை வாங்கி விரித்து மண்ணுக்கு மேலே பிடித்தாள். மழை வலுத்தது. அவள் முதுகு நனைந்தது, கங்காணியின் முதுகும் நனைந்து விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"கண்ணு, நாய் நனையுது."

"நனையட்டும்க்கா. மண்ணு கரையாம இருந்தாச் சரி."

தேயிலைத் தோட்டத்திலிருந்து பெண்கள் தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் தாள்களோடு இறங்கி வந்தார்கள். மாதன் வந்தான். மேனேஜர் கட்டுப்போட்ட கையோடு ஃபேக்டரி தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வந்தார். மினி பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் கண்டக்டர் வந்து ஒரு முனையைப் பிடித்தார். என்ன ஏதென்று ஒருத்தரும் கேட்கவில்லை, போதுமா என்றும் கேட்கவில்லை. யாரோ மண்வெட்டியால் மேல்பக்கம் ஒரு வாய்க்கால் கீறி, சரிவில் வந்த தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். தார்ப்பாய்க்குக் கீழே சத்தம் அடங்கியது, கங்காணியின் நாக்கு மண்ணில் உரசுவது மட்டும் கேட்டது. மேலேயிருந்து விழும் தண்ணீரை ஊரே நின்று தாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது மலை. மண்ணுக்குள்ளிருந்தும் தண்ணீர் ஊறி, அந்த ஒரு முழத்தின் மஞ்சளை விளிம்பிலிருந்து மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டிருந்தது, அதைப் பிடிக்க யாரிடமும் எதுவும் இல்லை.